மண்பாதைக்கு ஏற்ற பைக் பை: வாங்குவதும் கட்டுவதும்

காலையில் கண்மாய்க் கரை மேல் வரும் பால்காரரின் வண்டியை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எடையில் கேன்கள். அவை சீட்டுக்கு மேலே ஏறி நிற்பதில்லை. பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் தாழ்ந்து தொங்கும். கேனும் இரும்பும் உரசும் இடத்தில் பழைய டயர்த் துண்டு. ரப்பர் ட்யூபைப் பட்டையாக வெட்டி, இழுத்து இறுக்கிக் கட்டியிருப்பார். மண்பாதைக்குப் பை வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த வண்டியிலேயே இருக்கிறது.

எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. இமாச்சலப் பிரதேசத்தில் கோக்சரிலிருந்து கிராம்பூ வழியாக ஸ்பிதிக்குப் போகும் பாதையில், சத்ரு, சோட்டா தாரா தாண்டிப் படல் வரை பெரும்பகுதி உருளைக்கல்லும் ஓடைநீரும் புழுதியும்தான். முதல் முறை அந்த வழியில் போனபோது என் சைடு பேக் துணி எங்கேயும் கிழியவில்லை. ஆனால் வலது பக்கப் பையின் ஒரு ஸ்ட்ராப் குலுங்கலில் தளர்ந்து, பை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து சைலன்சரில் சாய்ந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகும் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் வண்டியை நிறுத்தினேன். பையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. உள்ளே இருந்த மழைக்கோட்டு உருகித் துணிகளோடு ஒட்டியிருந்தது.

கடையில் பை வாங்கும்போது துணியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். பாதையில் பை பெரும்பாலும் கெடுவது கட்டும் இடத்தில்: ஸ்ட்ராப், பக்கிள், தையல், உரசும் விளிம்பு. அதனால் இந்தக் கட்டுரையில் துணியைவிடக் கட்டுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தராசு

பையைப் பார்ப்பதற்கு முன் சாமான்களைத் தரையில் பரப்பி எடை போடுங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் போதும்: நீங்கள் மட்டும் ஏறி ஒருமுறை, சாமான்களைக் கையில் பிடித்து ஒருமுறை. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் பை வாங்குகிறவர்கள்தான் 70, 80 லிட்டர் பையை வாங்கிவிட்டு, இடம் இருக்கிறதே என்று அதை நிரப்புகிறார்கள்.

அடுத்து வண்டியின் கையேட்டை எடுங்கள். அதில் வண்டி தாங்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை இருக்கும். அதிலிருந்து, பெட்ரோல் நிரம்பிய வண்டியின் எடையைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்களுக்கும் சாமானுக்கும் சேர்த்து. உங்கள் எடையோடு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எடையையும் சேர்க்க மறக்காதீர்கள். அவையே எட்டுப் பத்து கிலோ வந்துவிடும். பின் கேரியருக்குத் தனி வரம்பு உண்டு. அது பலர் நினைப்பதைவிடக் குறைவு. கையேட்டின் எண்கள் தார்ச்சாலைக்குச் சரி. மண்பாதையில் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது அதே சாமான் ஒரு கணம் பல மடங்கு கனத்தோடு சப்ஃபிரேமை, அதாவது சீட்டையும் கேரியரையும் தாங்கும் பின்பக்க இரும்புச் சட்டத்தை, அழுத்தும். ஆகவே வரம்பைத் தொடும் அளவுக்குப் போக வேண்டாம்.

தனியாக ஒரு வாரம் போகிறவருக்கு, கூடாரம் இல்லாவிட்டால் 12 முதல் 15 கிலோ, 35 முதல் 40 லிட்டர் போதும் என்பது என் அனுபவம். கூடாரமும் தூங்கும் பையும் சேர்ந்தால் இன்னொரு 15 லிட்டர். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 சுமார் 200 கிலோ எடையுள்ள வண்டி. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 அதைவிட நாற்பது கிலோ குறைவு. ஒரே 15 கிலோ பை இரண்டிலும் ஒரே மாதிரி இருக்காது. இலகுவான வண்டியை இலகுவாகவே வைத்திருப்பதில்தான் அதன் சுகம்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் சுமார் முக்கால் கிலோ; ஐந்து லிட்டர் கேன் என்றால் கிட்டத்தட்ட நான்கு கிலோ. மணாலியிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா ஏறத்தாழ 200 கிலோமீட்டர், இடையில் பங்க் இல்லை. மணாலியில் டேங்கை நிரப்பிக்கொண்டால் மேலே சொன்ன இரண்டு வண்டிக்கும் கூடுதல் கேன் தேவைப்படாது. காஸாவில் பங்க் இருக்கிறது. பயத்தில் தூக்கும் எடைதான் எல்லாவற்றையும்விட அதிகம்.

பெட்டியா, பையா?

அலுமினியப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, தண்ணீர் புகாது, பார்க்கவும் கம்பீரம். தார்ச்சாலையில் நீண்ட தூரம் போகிறவருக்கு அது நல்ல பொருள். மண்பாதைக்கு, குறிப்பாகப் புதியவருக்கு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் கால்.

மணலிலோ சேற்றிலோ வேகம் குறையும்போது புதியவர் எவரும் காலைக் கீழே ஊன்றுவார். வண்டி முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், ஊன்றிய கால் அதே இடத்தில் நிற்கும். பின்னாலிருந்து வரும் பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலில் இடித்து, காலைத் தனக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். கணுக்கால் திரும்புவதும் எலும்பு முறிவதும் இப்படித்தான். துணிப் பை அந்த இடத்தில் மடங்கிக் கொடுக்கும். வண்டி சாயும்போதும் அப்படியே: பை அடியை வாங்கி நசுங்கும், பெட்டி அந்த அடியைத் தன் தாங்கி வழியாகச் சப்ஃபிரேமுக்கு அனுப்பும். வளைந்த பெட்டி மூடாது; வளைந்த சப்ஃபிரேமோ பயணத்தையே முடித்துவிடும்.

கேரியர் மேல் மாட்டும் பெரிய டாப் பாக்ஸும் வேண்டாம்; அதற்குக் காரணம் வேறு. பின்சக்கரத்துக்கும் பின்னால் உயரத்தில் எடை ஏறினால் முன்சக்கரம் இலேசாகிவிடும். ஏற்றத்தில் ஹேண்டில் சொன்னபடி கேட்காது.

மூன்று வடிவங்கள்

துணிப் பைகளில் மூன்று வகை கிடைக்கிறது. ஒன்று, பின் சீட்டில் உட்காரும் டெயில் பேக். பெங்களூருவின் வயாடெரா, மும்பையின் ரைனாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களிடம் இவற்றில் நல்ல தேர்வுகள் உண்டு. புதியவர் இதிலிருந்தே தொடங்கலாம்: தாங்கி வேண்டாம், எந்த வண்டியிலும் பொருந்தும், 30, 40 லிட்டர் பிடிக்கும். குறை என்னவென்றால் எடை உயரத்தில் இருக்கும்.

இரண்டாவது, சீட்டின் குறுக்கே போட்டு இரு பக்கமும் தொங்கும் சேடில் பேக். எடை தாழ்வாக வரும். ஆனால் பக்கவாட்டில் ஒரு இரும்புத் தாங்கி இல்லாவிட்டால் உள்ளே ஆடிச் சக்கரத்தையோ சைலன்சரையோ தொடும். என் மழைக்கோட்டு உருகியது இந்த வகையில்தான். எக்ஸ்பல்ஸ் போலச் சைலன்சர் உயர்ந்திருக்கும் வண்டி என்றால், வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் இதைப் போடவே கூடாது. வண்டியை அரை மணி ஓட்டிவிட்டு, சைலன்சர் ஆறிய பிறகு, அதற்கும் பையின் அடிக்கும் இடையே உங்கள் கை தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். வண்டி நிற்கும்போது இருக்கும் இடைவெளி பள்ளத்தில் பாதியாகும்.

மூன்றாவது, குதிரை லாடம் போல வளைந்து சீட்டின் மேலும் இரு பக்கமும் ஒரே துண்டாக உட்காருவது. அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தின் ஜயண்ட் லூப் நிறுவனம் இந்த வடிவத்துக்குப் பெயர் பெற்றது. தாங்கி எதுவும் தேவையில்லை, உடலுக்கு நெருக்கமாக இருக்கும், ஆடாது. கடினமான பாதைக்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை என்பது என் கருத்து. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியோடு விலை கடுமையாக ஏறிவிடும். இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்குப் பிறகு யோசித்தால் போதும்.

பின்னால் ஒருவரை உட்கார வைத்துப் போகிறீர்களா? டெயில் பேக்குக்கு இடமில்லை, சேடில் பேக்தான். அவருடைய கால் வைக்கும் இடம் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணி

டெனியர் என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். 1000 டெனியர் என்றால் தடித்த நூல் என்று மட்டும் பொருள். அது எந்த இழை, எப்படி நெய்தது, பின்பக்கம் என்ன பூச்சு என்பதெல்லாம் தனிக் கேள்விகள். நைலான் உரசலை நன்றாகத் தாங்கும். பாலியெஸ்டர் வெயிலை நன்றாகத் தாங்கும். கார்டுரா என்பது ஒரு வணிகப் பெயர். "கார்டுரா மாதிரி" என்று கடைக்காரர் சொன்னால் அது கார்டுரா இல்லை. பிவிசி பூசிய தார்ப்பாய்த் துணி, அதாவது லாரி மேல் போடுகிற அதே இனம், தண்ணீரை அப்படியே தடுக்கும், சேற்றைக் கழுவுவதும் சுலபம். கூர்மையான கல்லில் தேய்ந்தால் ஓட்டை விழும்.

இதற்கு மேல் துணியில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பையை உட்புறம் வெளியே திருப்பித் தையலைப் பாருங்கள். ஸ்ட்ராப் பையோடு சேரும் இடத்தில் ஒற்றைக் கோடாகத் தைத்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சதுரம் போட்டு நடுவே பெருக்கல் குறி போலத் தைத்திருக்க வேண்டும், அல்லது நெருக்கமான குறுக்குத் தையல் இருக்க வேண்டும். நல்ல பையில் ஸ்ட்ராப் பையின் அடியைச் சுற்றி ஒரே பட்டையாக ஓடும். எடையைப் பட்டை தாங்கும், துணி தாங்காது. தார்ப்பாய் தைப்பவரோ செருப்புத் தைப்பவரோ தெரிந்தவர் இருந்தால் பையை அவரிடம் காட்டுங்கள். எந்த இடம் முதலில் விடும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார். அந்த இடத்தை அவரையே இரட்டைத் தையல் போடச் சொன்னால், சிறு செலவில் பையின் ஆயுள் கூடும். ஆனால் தண்ணீர் புகாத பையில் புதிதாக ஊசி ஏற்றினால் அந்த ஓட்டை வழியே நீர் வரும். அங்கே இந்த வேலை வேண்டாம்.

தண்ணீரும் புழுதியும்

பையோடு தரும் மழை உறையை மண்பாதையில் நம்பாதீர்கள். காற்றில் படபடக்கும், முள்செடியில் மாட்டும், ஒரு கட்டத்தில் காணாமல் போகும். மழை மேலிருந்து வரும். ஓடையில் நீர் கீழிருந்து வரும், உறைக்குள் தேங்கியும் நிற்கும். எனக்குப் பிடித்த ஏற்பாடு: வெளியே முரட்டுத் துணி, உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய தண்ணீர் புகாத பை. வெளிப்பை கிழிந்தாலும் சாமான் நனையாது. இரவில் தங்கும் இடத்துக்கு உள்பையை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம். சேறு பூசிய வெளிப்பை வண்டியிலேயே இருக்கும். வாயைச் சுருட்டி மூடும் ரோல் டாப் வகை என்றால் குறைந்தது மூன்று சுற்று சுருட்டுங்கள். அதற்கு இடம் வேண்டும் என்பதால் பையை வாய் வரை நிரப்பக்கூடாது.

மழையைவிடப் புழுதி பொல்லாதது. ஸ்பிதிப் பக்கத்து மண் முகப்பவுடர் போல இருக்கும். ஜிப்பின் பல்லில் ஏறி இரண்டே நாளில் அதை இறுக்கிவிடும். ஜிப் இருந்தே ஆக வேண்டும் என்றால் தினமும் பழைய பல்துலக்கியால் தட்டி, மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். இழுத்தால் வராத ஜிப்பை வேகமாக இழுக்க வேண்டாம்.

ஓடை கடப்பதில் பையின் பங்கும் உண்டு. தாழத் தொங்கும் பை நீரோட்டத்தில் படகுத் துடுப்பு போல வேலை செய்து வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பையின் அடிப்பாகம் பின்சக்கர அச்சுக்கு மேலேயே நிற்கட்டும். அந்தப் பாதையின் ஓடைகள் பனி உருகி வருபவை; வெயில் ஏற ஏற நீர் கூடும், காலையில் கடந்துவிடுங்கள்.

கட்டு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

பை நான்கு திசையிலும் கட்டப்பட வேண்டும். பலர் கீழ்நோக்கி மட்டும் இழுத்துக் கட்டுவார்கள். ஏற்றத்தில் பை பின்னால் நகரும், இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்னால் வந்து முதுகில் இடிக்கும். ஆகவே இரண்டு ஸ்ட்ராப் முன்னோக்கி, பின்சீட்டுக் கால்மிதிப் பக்கம். இரண்டு பின்னோக்கி, கேரியரின் பக்கம். கட்டிய பிறகு பையைப் பிடித்து ஆட்டுங்கள். பையோடு வண்டி முழுவதும் ஆட வேண்டும். பை மட்டும் ஆடினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

எதில் கட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பிளாஸ்டிக் பாகத்திலோ இண்டிகேட்டர் தண்டிலோ நம்பர் பிளேட் தாங்கியிலோ மாட்டக்கூடாது. இரும்பில், சப்ஃபிரேமோடு போல்ட் போட்ட இடத்தில் மட்டும்.

கொக்கி வைத்த பஞ்சி கயிறு, அதாவது இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு, வேண்டவே வேண்டாம். இழுத்த நிலையில் கொக்கி நழுவினால் நேராக முகத்துக்கு வரும். கண்ணைப் பறிக்கும் வேகம் அதற்கு உண்டு. குலுங்கலில் கழன்றால் பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். மீள்தன்மை தேவைப்படும் இடத்தில் பால்காரரின் ட்யூப் பட்டையே மேல்: கொக்கி இல்லை, முடிச்சு நழுவாது, அறுந்தால் அடுத்த ஊரின் சைக்கிள் கடையில் கிடைக்கும். ஆனால் அதைத் துணைக்கு மட்டும் வையுங்கள். முக்கியப் பிடி நீளாத பட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

பட்டையில் நைலான் தண்ணீரை உறிஞ்சி ஈரத்தில் சற்று நீளும்; மழை நாளில் கட்டு தளர்வதற்கு இது ஒரு காரணம். பாலியெஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது. பக்கிளைப் பொறுத்தவரை, பல் வைத்த உலோக நாக்கு பட்டையைக் கடித்துப் பிடிக்கும் வகையே நம்பத்தக்கது. பள்ளிப்பையில் இருக்கும் ஏணி போன்ற பிளாஸ்டிக் வகை, குலுங்கக் குலுங்க ஒவ்வொரு மில்லிமீட்டராக விட்டுக்கொடுக்கும். அதுதான் உங்கள் பையில் இருக்கிறது என்றால், இறுக்கிய பிறகு மிச்சப் பட்டையைப் பக்கிளுக்குப் பக்கத்திலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். என் பையில் அன்று விட்டுப்போனது இந்த முடிச்சுதான்.

மிச்சப் பட்டையைத் தொங்கவிடுவது இன்னொரு ஆபத்து. செயினிலோ சக்கரத்திலோ போய்ச் சுற்றினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சுருட்டி, ட்யூபில் வெட்டிய வளையத்தைப் போட்டு அடக்குங்கள்.

இரும்பைப் பை தொடும் எல்லா இடத்திலும் டயர் ட்யூப் துண்டை வைத்துக் கட்டுங்கள். பெயின்ட் பிழைக்கும், பையும் தேயாது. கட்டி முடித்துப் பத்து நிமிடம் ஓட்டிய பிறகு நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். உள்ளே சாமான் படிந்து கட்டு நிச்சயம் தளர்ந்திருக்கும்.

அடுக்கும் முறை

கனமானது தாழ்வாக, நடுவே, உங்கள் உடலுக்கு அருகில். ஸ்பேனர், ட்யூப், காற்றடிக்கும் பம்ப் எல்லாம் சேர்ந்தால் மூன்று நான்கு கிலோ வரும். இதைப் பின்னால் வைக்காமல் முன் க்ராஷ் கார்டில் ஒரு சிறு பையில் கட்டினால் முன்சக்கரத்துக்கும் கொஞ்சம் எடை கிடைக்கும். ஹிமாலயன் 411இல் டேங்கின் இரு பக்கமும் உள்ள இரும்புச் சட்டம் இதற்குத் தோதானது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பை எங்கும் தொடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புச் சாமான்களை ஒரு பழைய துண்டில் இறுக்கிச் சுருட்டி வையுங்கள். தளர்ந்து கிடக்கும் ஸ்பேனர், நூறு கிலோமீட்டர் குலுங்கலில் பையை உள்ளிருந்தே ஓட்டை போடும். இடம் வலம் எடை சமமாக இருக்கட்டும். டேங்க் பேக் உயரமாக இருந்தால் எழுந்து நின்று ஓட்டும்போது வயிற்றில் இடிக்கும், சிறியது போதும். ஒரு எச்சரிக்கை: முதுகுப்பையில் கனத்தை ஏற்றாதீர்கள். விழும்போது அது முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே இருக்கும். அதில் தண்ணீர் மட்டும்.

வீட்டுப் பக்கத்தில் ஒரு சோதனை

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு பையில் அரிசியோ தண்ணீர் பாட்டிலோ அடைத்து, பயணத்தில் இருக்கப்போகும் அதே எடைக்குக் கொண்டுவாருங்கள். ஊருக்குப் பக்கத்துச் செம்மண் பாதையில் 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். வனத்துறையின் எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். அதற்கு வெளியே கரடுமுரடான பாதைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. எழுந்து நின்று ஓட்டிப் பாருங்கள். காலை வீசிப் பின்சீட்டைத் தாண்டி இறங்க முடிகிறதா பாருங்கள். அவசரத்தில் இறங்க முடியாத உயரத்தில் பை இருந்தால் அது உயரம்தான்.

அப்புறம், ஒரு நண்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இன்ஜினை அணைத்து, மணலில் வண்டியை மெதுவாக ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள். பை நசுங்கும் விதம், பக்கிள் தரையில் படுகிறதா, உங்கள் கால் எங்கே மாட்டும் என்பதெல்லாம் அப்போது தெரியும். பிறகு, பையைக் கழற்றாமல் தனியாக வண்டியைத் தூக்கிப் பாருங்கள். முடியவில்லையா? சாமான் அதிகம். மூட்டையைப் பிரித்துத் திரும்பத் தராசுக்குப் போங்கள். மலையில் 4,500 மீட்டருக்கு மேல் மூச்சு வாங்கும் இடத்தில் இதே வேலை இன்னும் கடினம்.

தோட்டத்துக் குழாயைப் பையின் மேல் பத்து நிமிடம் பாய்ச்சுங்கள். உள்ளே செய்தித்தாளைப் பரப்பி வைத்தால் எங்கே கசிகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

கூட எடுத்துப்போக

ஒரு கோணி ஊசி, செருப்புத் தைக்கும் நைலான் நூல், பட்டையின் அளவுக்கே இரண்டு உதிரி பக்கிள், இரண்டு உதிரி ஸ்ட்ராப், பத்து கேபிள் டை, ஒரு சுருள் துணி டேப். பிவிசி துணிப் பை என்றால் அதே துணியில் கையகலத் துண்டும் பிவிசி பசையும். பஞ்சர் கடை சொல்யூஷன் அதில் சரியாக ஒட்டாது. எல்லாம் சேர்ந்து ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கும்.

ஒவ்வொரு மாலையும் வண்டியை நிறுத்தியதும், கை கழுவுவதற்கு முன்பே, ஸ்ட்ராப் பையோடு சேரும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிசிறு கையில் பட்டால் அன்றிரவே நான்கு தையல் போடுங்கள். சைலன்சர் பக்கத்துப் பையின் அடியையும் தொட்டுப் பாருங்கள். பளபளப்போ விறைப்போ தெரிந்தால் அது சூடு படுகிறது, மறுநாள் காலை அந்தப் பக்கத்தை இரண்டு விரல் உயர்த்திக் கட்டுங்கள்.